மூணு ஜா சக் காட்டும் ஆட்டம்

டெக்சஸில் இருக்கும் அத்தை மகன் கேட்ட கேள்விதான் இதை எழுத வைத்தது. "மாப்ள, லேத்துல நீ ரன்அவுட்ட எப்படி எடுக்குற?" ரன்அவுட் என்றால், சுற்றும் பொருள் மையம் விலகி ஆடும் அளவு. அவன் ரைபிள் தோட்டாவை வீட்டிலேயே தயாரிக்கிறவன். நம் ஊரில் லைசென்ஸ் இல்லாமல் அதைச் செய்தால் ஆயுதச் சட்டத்தில் உள்ளே போக வேண்டியதுதான். அங்கே அது பொழுதுபோக்கு. தயாரான தோட்டாவை வி-பிளாக்கில் (வி வடிவப் பள்ளமுள்ள கட்டை) உருட்டி, குண்டின் மேல் டயலை, அதாவது நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவியை வைக்கிறான். முள் மூன்று தவுக்கு (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) மேல், அதாவது 0.08 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் தனியே ஒதுக்குகிறான். விலை கூடிய சீட்டிங் டை (குண்டைக் கேஸுக்குள் உட்காரவைக்கும் அச்சு) வாங்கியும் ஆட்டம் குறையவில்லையாம்.

குறையாதுதான். பித்தளைக் கேஸின் கழுத்துச் சுவர் ஒரு பக்கம் தடித்து இருந்தாலோ, விரிப்பதற்காக உள்ளே போய் வரும் எக்ஸ்பாண்டர் கழுத்தைக் கோணலாக இழுத்திருந்தாலோ, அதன்பிறகு குண்டை உட்காரவைக்கும் டை என்ன செய்யும்? முதலில் வெறும் கழுத்தில் டயலை வைத்துப் பார் என்றேன். அதைச் சொல்லும்போதே, லேத்தில் கம்பியைப் பிடித்துச் சுற்றும் என் சக் ஞாபகம் வந்து கோபமும் வந்துவிட்டது.

கப்பலூர் பக்கம் சின்னப் பட்டறை. உசிலம்பட்டி, திருமங்கலம் சுற்றிலிருந்து வரும் கிணற்று மோட்டார் ஷாஃப்ட்தான் முக்கால்வாசி வேலை. 6205 பேரிங் உட்காரும் இடம் 25 மில்லி. அங்கே ஆட்டம் இருந்தால் பேரிங் சூடேறும், மோட்டார் கத்தும், விவசாயி நம் வாசலில் நிற்பார். இந்த 200 மில்லி மூணு ஜா சக்கைப் பல வருடமாக ஓட்டுகிறேன். ஜா என்பது கம்பியைக் கவ்வும் தாடை. கம்பெனி பெயர் வேண்டாம்.

பிடிமானத்தைக் குறை சொல்ல முடியாது. துருப்பிடித்த கம்பியைக் கொடுத்தாலும் விடாது. சாவியில் சுற்று லகுவாகப் போகும், பல் இன்னும் தேயவில்லை. முரட்டு வேலைக்கு இதைவிட வேகமானது என் பட்டறையில் இல்லை.

ஆனால் மையம்? 25 மில்லி கம்பியைப் பிடித்தால் டயல் 0.04 காட்டும். 50 மில்லிக்குப் போனால் 0.09. கம்பியைக் கழற்றி மாட்டினால் வேறு எண். மூன்று ஜாவையும் நகர்த்துவது உள்ளே இருக்கும் ஒரே சுருள் மரைதான். அந்தச் சுருள் எல்லா இடத்திலும் ஒரே துல்லியமாக இருக்காது. அதனால் விட்டம் மாறினால் பிழையும் மாறும். இது எந்த மூணு ஜா சக்குக்கும் உள்ள குணம், தெரியும். இருந்தாலும் பெட்டியில் வந்த தாளில் ஒரு எண்ணை மட்டும் போட்டுவிட்டு, அது எந்த விட்டத்தில் எடுத்தது என்று சொல்லாமல் விட்டது என்ன நியாயம்?

ஜாவின் வாய் விரிந்துபோனபோது கிரைண்டர் வைத்து உள்ளே அரைத்தோம். சும்மா திறந்து வைத்து அரைக்கக் கூடாது. பின்பக்கம் ஒரு வளையத்தைப் பிடிக்கவைத்து, வேலை செய்யும்போது இருக்கிற அதே இறுக்கத்தில் அரைக்க வேண்டும். 25 மில்லியில் அருமையாக வந்தது. 50 மில்லியில் பெரிய மாற்றம் இல்லை.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்று உண்டு. சாவி போடும் ஓட்டை மூன்றில் எதில் கடைசி இறுக்கு இறுக்குகிறோமோ அதைப் பொறுத்து ஆட்டம் மாறுகிறது. குறைவாகக் காட்டிய ஓட்டைக்குப் பக்கத்தில் பஞ்ச் உளியால் ஒரு புள்ளி அடித்தேன். எப்போதும் அதிலேயே முடிக்கிறேன். காசில்லாமல் பாதிப் பிரச்சினை போனது. அதோடு, ஜா பள்ளத்தில் ஒட்டியிருக்கும் சீவலை பிரஷ் போட்டுத் தள்ளாமல் டயலை எடுக்கவே கூடாது.

துல்லியமான வேலைக்கு நாலு ஜா சக்கைத்தான் மாட்டுகிறேன். ஒவ்வொரு ஜாவும் தனியாக நகரும், முள் 0.06 ஆடினால் மையம் 0.03 தள்ளியிருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவு மட்டும் தள்ளினால் போதும். பழகிய கைக்கு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். மூணு ஜாவில் வேறு வழியில்லாதபோது ஒரே பிடியில் எல்லா விட்டத்தையும் கடைந்து முடித்துவிட வேண்டும். திருப்பிப் பிடித்தால் போச்சு.

இந்த மூணு ஜா சக் இப்போது விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று பக்கத்துப் பட்டறை அண்ணன் கேட்டார். இத்தனை வருடம் சோறு போட்ட சாமான்தான். ஆனாலும் வேண்டாம் என்றேன். ஜா ஒரே துண்டு. மேலே சாஃப்ட் ஜா மாட்டி, நமக்கு வேண்டிய விட்டத்துக்குக் கடைந்துகொள்ள வழியே இல்லை. அந்த ஒரு குறைக்காகவே இன்னொன்று வாங்க மாட்டேன். கொஞ்சம் கூடக் கொடுத்து இரண்டு துண்டு ஜா உள்ளதாகப் பாருங்கள். பழைய சக் வந்தால், மூன்று ஜாவையும் முழுக்க மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பின்னால் ஒட்டி, முன்னால் இடைவெளி தெரிந்தால் விலையே கேட்க வேண்டாம்.