மெஷ்டாஸ்டிக் கருவி: டவர் வேண்டாம், தமிழுக்கு இடம் வேண்டும்

கோபிச்செட்டிப்பாளையத்து மச்சான் நேற்றுக் கூப்பிட்டு, "அந்த மெஷ்டாஸ்டிக் கருவியை நாங்களும் வாங்கலாமுங்களா?" என்று கேட்டார். டவர் இல்லாமலே ரேடியோ அலையில் எழுத்துச் சேதியைக் கருவிக்குக் கருவி கடத்தும் சின்னக் கருவி அது. போனில் சொல்லி முடியாததால் இங்கே எழுதுகிறேன். அதில் ஓடும் லோரா ரேடியோ என்றால் என்ன, புளூடூத்தில் போனோடு எப்படி இணைப்பது என்பதெல்லாம் பலரும் எழுதியாயிற்று. அதற்குள் போகவில்லை.

எங்கள் தோட்டம் குடிமங்கலம் பக்கம், பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) பாசனம். திருமூர்த்தி அணையிலிருந்து நான்கு மண்டலங்களுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். எங்கள் முறை வந்தால் ஒவ்வொரு மடைக்கும் நேரக் கணக்கு உண்டு. நடுராத்திரியில் மேல்மடை அடைத்த சேதி கீழ்மடைக்காரருக்கு உடனே தெரிந்தாக வேண்டும். வாய்க்கால் ஓரத்தில் சிக்னல் நிற்காது. போன் குழுவில் போட்ட சேதி விடிந்த பிறகுதான் வந்து சேரும்.

இந்தக் கருவிகள் சேர்ந்து கட்டும் வலைக்கு டவரும் இல்லை, சர்வரும் இல்லை, மாதக் கட்டணமும் இல்லை. 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு நம் நாட்டில் உரிமமும் வேண்டியதில்லை. ஒரு கருவி அனுப்புவதை அடுத்த கருவி வாங்கி அதற்கடுத்ததற்குக் கொடுக்கிறது. வழக்கமான அமைப்பில் ஒரு சேதி இப்படி மூன்று முறை கைமாறும். வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தையே இல்லாத பங்காளிகள் இருவர் எங்கள் வாய்க்காலில் உண்டு. ஒருவருடைய சேதியை இன்னொருவர் கருவி சுமந்துகொண்டு போகிறது. எந்த நிறுவனத்தின் செயலியும் எங்களுக்கு இதைச் செய்து கொடுக்கவில்லை.

ஐப்பசி மழையில் கரண்டும் டவரும் சேர்ந்து போன ராத்திரியிலும், மேல்நிலைத் தொட்டி மேல் சோலார் தகட்டோடு கட்டி வைத்த கருவி வேலையை நிறுத்தவில்லை. தென்னை மட்டைகள் அலையைத் தின்னும், நனைந்த மட்டை இன்னும் அதிகமாகத் தின்னும். அதனால் ஆன்டெனா மரத்தின் கொண்டைக்கு மேலே இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இனி என் வயிற்றெரிச்சல். ஒரு சேதிக்கு ஏறத்தாழ 200 பைட் இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட், புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனித்தனியே மூன்று. 'தண்ணீர்' என்று நான்கு எழுத்து எழுதினால் 21 பைட் போய்விடுகிறது. 'வாய்க்கால்' 30 பைட். யார் மடை, எத்தனை மணி, யார் அடைத்தார் என்று எழுதி முடிப்பதற்குள் இடம் தீர்ந்துவிடுகிறது. பிறகு எல்லோரும் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்ட ஆரம்பித்தார்கள். கடைமடை அப்பாருவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். இந்த வலை யாருக்கு முதலில் தேவையோ, அவர் பேரனை எழுப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது.

நியாயமாகச் சொன்னால், இந்த அலை மெதுவானது. நொடிக்கு ஒரு கிலோபிட் அளவில்தான் ஓடுகிறது, சேதி சின்னதாகத்தான் இருக்க முடியும். மூன்று பைட் கணக்கும், உலக மொழி எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையிலிருந்து வருவது, மெஷ்டாஸ்டிக் எழுதியவர்கள் வைத்ததல்ல. ஆனால் யூனிகோடில் நாம் அன்றாடம் எழுதும் தமிழுக்கு ஒதுக்கிய தொகுதியில் 128 இடங்கள்தான். அதை ஒரு பைட்டுக்குள் அடக்கிவிடலாம். 1990களிலேயே நம்மவர்கள் டிஸ்கி என்ற குறியீட்டில் தமிழை ஒற்றைப் பைட்டில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். மெஷ்டாஸ்டிக்கின் மூல நிரல் திறந்தே கிடக்கிறது. கோவையில் இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஒரு மாணவர் கூட்டம் உட்கார்ந்து இதைச் செய்துகொடுத்தால் ஒரு சேதியில் மூன்று மடங்கு தமிழ் போகும். ஒவ்வொரு முறை தண்ணீர் வரும்போதும் இந்த ஆத்திரம் எனக்குப் புதிதாக வருகிறது.

மச்சான், இத்தனை புகழ்ந்தாலும், "வாங்குங்கள்" என்று தமிழ் சரியாகும் வரை என் வாயால் சொல்ல மாட்டேன். உங்கள் தடப்பள்ளி வாய்க்கால் பக்கம் நெல் வயல், மறைக்கத் தோப்பு இல்லை, அலை எங்களைவிட நன்றாகவே எடுக்கும். அதனால் கேட்காமல் வாங்கத்தான் போகிறீர்கள். 868 மெகாஹெர்ட்ஸ் வகை என்று கேட்டு வாங்குங்கள், நம் 865-867 அதில் அடங்கும். சேதியைப் பூட்ட உடன்வரும் ரகசியச் சாவி உலகத்துக்கே தெரிந்தது, முதல் நாளே மாற்றிவிடுங்கள். அமைப்பில் எல்லாக் கருவியையும் ரூட்டர் (சேதி கடத்தும் நிலையம்) என்று வைத்தால் வலை அடைத்துக்கொள்ளும், தொட்டி மேல் உள்ளதைத் தவிர மற்றதைக் கிளையன்ட் (சாதாரணக் கருவி) என்றே விடுங்கள். அக்கம்பக்கத்தில் நாலைந்து தோட்டக்காரர்கள் சேராமல் ஒன்றுகூட வாங்க வேண்டாம்.