கிராபிக்ஸ் காட்டா மொனிட்டரா: கலியாணப் படம் எடிட் பண்ண எந்தக் கணினி?

மாங்குளத்தில் ஸ்டூடியோ திறக்கப்போகும் சித்தப்பாவின் மகன் போன கிழமை இரண்டு பட்டியலோடு வந்தான். ஒன்றில் ரைசன் 5 5600 ப்ராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் காட், 16 ஜிபி றாம், மிச்சக் காசுக்கு எந்த மொனிட்டர் கிடைக்கிறதோ அது. மற்றதில் இன்டெல் ஐ5-12400, தனிக் காட் இல்லை, 32 ஜிபி றாம், நிறத்தைச் சரியாகக் காட்டும் நல்ல ஐபிஎஸ் வகை மொனிட்டர், கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் யூபிஎஸ். காசு ஏறக்குறைய ஒன்றுதான். "எதை எடுக்கட்டும் அண்ணை?" என்றான்.

ப்ராசசருக்காகச் சண்டை பிடிக்க ஒன்றுமில்லை. இரண்டும் 6 கோர், 12 த்ரெட். 600 படத்தை ஜேபெக் ஆக்கும்போது ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம்கூட வித்தியாசம் வராது. ஆனால் 5600க்கு உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, காட் பழுதானால் திரை கறுப்பு, மாற்றுக் காட் கொழும்பிலிருந்து வரும்வரை வேலையும் இல்லை. 12400இல் சின்னதாக ஒன்று உள்ளேயே இருக்கிறது. விலை குறைவு என்று கடையில் 12400எஃப் தந்தால் வாங்காதீர்கள், அந்த எஃப்புக்கு அர்த்தமே உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்பதுதான்.

சரி, காட் எங்கே வெல்கிறது? இரவு வேலையில். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் இரவில் கமராவின் ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 6400க்கு ஏற்றி எடுத்த படங்களில் மணல் தூவினதுபோல நொய்ஸ் நிற்கும். 2023 ஏப்ரலில், படம் எடிட் பண்ணும் மென்பொருளான லைட்ரூமுக்கு வந்த ஏஐ டினொய்ஸ் அதை அழகாகத் துடைக்கும், ஆனால் அது ஓடுவது காட்டை நம்பி. 3060இல் ஒரு படம் அரை நிமிடத்துக்குள் முடியும், காட் இல்லாவிட்டால் அதே படத்துக்குப் பல நிமிடம் காத்திருக்க வேண்டும், அப்படி 200 படம் என்றால் விடிந்துவிடும். 2022 ஜூனிலிருந்து படங்களை ஜேபெக்காக எக்ஸ்போர்ட் பண்ணவும் லைட்ரூம் காட்டைப் பயன்படுத்துகிறது. 3060இல் 12 ஜிபி, 8 ஜிபி என்று இரண்டு வகை உண்டு, பெட்டியை வாசித்து வாங்குங்கள். அடுத்த தலைமுறைக் காட்டான ஆர்டிஎக்ஸ் 4060இல் 8 ஜிபிதான், ஆனால் 3060 இழுக்கும் 170 வாட்டுக்குப் பதில் 115 வாட்டோடு நிற்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நான் காட்டியது இரண்டாவது பட்டியலைத்தான், காரணம் மொனிட்டர். நான் தொடங்கின காலத்தில் ஒரு பழைய அலுவலகத் திரையில், பிரகாசத்தை முழுக்க ஏற்றி வைத்து ஒரு அல்பம் முழுவதையும் முடித்தேன். அச்சாகி வந்தபோது எல்லாப் பக்கமும் இருட்டு, கூறைச் சேலையின் அரக்குச் சிவப்பு மண்ணிறமாகியிருந்தது. லாப்காரரில் பிழை இல்லை, திரை எனக்குக் காட்டினதே பொய். இரண்டாம் முறை அச்சடித்த காசு என் கையால் போனது. எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிற வீச்சை 99 அல்லது 100 வீதம் காட்டும் ஐபிஎஸ் திரை போதும், 4கே தேவையில்லை. பிரகாசத்தைக் குறைத்து, ஜன்னல் வெயில் விழாத பக்கம் வையுங்கள்.

லைட்ரூமுக்கு 16 ஜிபி றாம் என்றுதான் அதைச் செய்யும் அடோபியும் சொல்கிறது, ஆனால் போட்டோஷொப்பில் அல்பத் தாள் ஒன்றைத் திறந்து பக்கத்தில் குரோமும் ஓடினால் 16இல் மூச்சு வாங்கும். விண்டோஸும் லைட்ரூமின் கேட்டலொக்கும் வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டியில், முடிந்த வேலை ஹாட் டிஸ்கில். டிஸ்க் விஷயத்தில் இரண்டு பட்டியலும் ஒன்று.

அப்புறம் கரண்ட். மாரியில் ஒரு காற்றுக்கே போய்விடும் ஊர் இது. இங்கே கிடைக்கும் 650 விஏ யூபிஎஸ் ஏறக்குறைய 360 வாட் தாங்கும். காட் முழு மூச்சில் ஓடும்போது அந்த எல்லையை நெருங்கிவிடும், பற்றரி கொஞ்சம் பழசானால் சேமிக்க முன்னமே அணைந்துவிடும். காட் இல்லாத கணினிக்கு அதே யூபிஎஸ் ஆறுதலாகச் சேமித்து மூடும் நேரம் தரும்.

கடைசியில் அவன் இரண்டாவதை எடுத்தான், பவர் சப்ளையை மட்டும் 550 வாட்டாக்கினான். அடுத்த திருவிழாக் காலத்துக்கு முன் காசு கை கொடுத்தால் 4060 ஒன்றைச் செருகுவானாம். கேசை நிலத்தில் வைக்காதே, வாசலில் ஒரு உழவு இயந்திரம் போனாலே செம்மண் புழுதி முழுக்க உள்ளே என்று சொல்லி அனுப்பினேன்.