டயருக்குக் காற்றடிக்கும் கையடக்க ஏர் பம்ப்: நெல்லை வெயிலில் அது காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

இணையக் கடைகளில் பல பெயர்களில், ஏறக்குறைய ஒரே உறுப்புகளுடன் விற்கப்படும் சார்ஜ் செய்யக்கூடிய சிறிய ஏர் பம்ப் ஒன்றைக் கோடைத் தொடக்கத்தில் வாங்கி, பாளையங்கோட்டையில் கார், ஸ்கூட்டர், சைக்கிள் மூன்றுக்கும் பயன்படுத்தி வருகிறேன். விலை இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். வேண்டிய அழுத்தத்தைப் பொத்தானில் அமைத்துவிட்டால், அந்த எண்ணைத் தொட்டதும் இயந்திரம் தானே நின்றுவிடுகிறது. பெட்ரோல் பங்கில் காத்து நிற்க வேண்டியதில்லை என்பதற்காகத்தான் பலரும் இதை வாங்குகிறார்கள். அந்த அளவில் இது கொடுத்த காசுக்கு உழைக்கிறது. ஆனால் திரையில் தெரியும் எண்ணை எந்த நேரத்தில் பார்க்க வேண்டும் என்பது தெரியாவிட்டால், நம் பக்கத்து வெயிலில் இதே கருவியைக் கொண்டு டயரைக் கெடுத்துக்கொள்ளவும் முடியும். உடன் வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

என் காரின் ஓட்டுநர் கதவை ஒட்டிய சட்டத்தில் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு; பேச்சில் ‘பாயின்ட்’) என்று அச்சிட்டிருக்கிறது. அது குளிர்ந்த டயருக்கான அளவு. அதாவது வண்டி மூன்று மணி நேரமாவது ஓடாமல் நின்றிருக்க வேண்டும். வைகாசி விடியற்காலையில், 27 டிகிரி வெப்பத்தில் சரியாக 33 வைத்துவிட்டு, நான்குவழிச் சாலையில் வள்ளியூர், ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில் வரை உச்சிவெயிலில் ஓட்டினால், டயருக்குள் இருக்கும் காற்று 57 டிகிரிக்குச் சூடேறுவது எளிது. டயரின் கொள்ளளவு பெரிதாக மாறுவதில்லை. உள்ளே அடைபட்ட காற்றும் வெளியேறுவதில்லை. எனவே வெப்பம் ஏறும் விகிதத்திலேயே அழுத்தமும் ஏறியாக வேண்டும். இந்தக் கணக்கைச் செல்சியஸில் போட்டால் விடை தவறும். செல்சியஸோடு 273ஐக் கூட்டினால் கிடைக்கும் கெல்வினில்தான் போட வேண்டும். 27 டிகிரி என்பது 300 கெல்வின், 57 டிகிரி என்பது 330 கெல்வின், ஆகவே உயர்வு பத்து விழுக்காடு. அழுத்தத்திலும் ஒரு நுட்பம் உண்டு. பம்ப் காட்டும் 33 என்பது வெளிக்காற்றின் அழுத்தத்திற்கு மேல் உள்ள மிகுதி மட்டுமே, வெளிக்காற்றின் 14.7 பிஎஸ்ஐயையும் சேர்த்தால் உள்ளே இருப்பது 47.7. அதில் பத்து விழுக்காடு கூடினால் 52.5 ஆகிறது; வெளிக்காற்றைக் கழித்துவிட்டால் திரையில் 37.8 தெரியும். வெறும் 33இல் பத்து விழுக்காடு கூட்டிப் பார்ப்பவர் 36.3ஐ எதிர்பார்ப்பார், கூடுதலாகத் தெரிவதைக் கண்டு பம்ப் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பவும் கூடும். பம்பின்மேல் குற்றமில்லை.

இந்த 37.8ஐக் கண்டு பதறிக் காற்றை இறக்கிவிடுவதுதான் பெரிய தவறு. சூடான டயரிலிருந்து 33 வரும்வரை இறக்கிவிட்டால், மறுநாள் விடியற்காலையில் அதே டயர் 28.7தான் காட்டும். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிர்வதால் இன்னும் அதிகமாகச் சூடேறுகிறது; கோடையில் நெடுஞ்சாலைகளில் டயர் வெடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். “வெயில் காலம் அண்ணாச்சி, ரெண்டு பாயின்ட் கொறச்சே பிடிங்க” என்று பஞ்சர் கடையில் அக்கறையோடு சொல்லும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. சூட்டால் அழுத்தம் உயரும் என்பதை எதிர்பார்த்துத்தான் வண்டி நிறுவனம் குளிர்ந்த நிலைக்கான எண்ணைத் தந்திருக்கிறது. ஆகவே வீட்டிலேயே பம்ப் இருப்பதன் உண்மையான பயன், வண்டியை நகர்த்தும் முன்பே, வாசல் தெளிக்கும் நேரத்திலேயே அளந்துவிடலாம் என்பதுதான். பங்குக்கு ஓட்டிச் சென்று சேர்வதற்குள் டயர் சூடேறத் தொடங்கியிருக்கும்.

வேகத்தைப் பொறுத்தவரை குறை சொல்வதற்கில்லை. சுமார் 30 லிட்டர் கொள்ளளவுள்ள கார் டயரை 27இலிருந்து 33க்கு ஏற்ற, வெளிக்காற்றில் ஏறக்குறைய 12 லிட்டரை உள்ளே திணிக்க வேண்டும். அழுத்தத்தைக் கூட்டக் கூட்டக் காற்று அதே விகிதத்தில் சுருங்கும் என்று ராபர்ட் பாயில் 1662இல் எழுதியதை வைத்துப் போடும் கணக்கு இது. பம்ப் இதை ஒன்றரை நிமிட அளவில் முடித்துவிடுகிறது. சைக்கிள் டயருக்கு 50 பிஎஸ்ஐ தேவைப்பட்டாலும், அதன் கொள்ளளவு இரண்டு லிட்டருக்கும் குறைவு என்பதால், ஒன்றுமில்லாத நிலையிலிருந்து நிரப்பினாலும் ஆறேழு லிட்டர் காற்றே போதும்.

பம்பின் சூடுதான் பலரை அச்சுறுத்துகிறது. குழாயின் பித்தளை முனையை உடனே கையால் கழற்ற முடியாத அளவுக்குச் சூடாகிறது. மோட்டார் இதற்கு ஓரளவே பொறுப்பு. காற்றை விரைவாக அழுக்கினால் அது தானே சூடேறும். வெப்பம் எங்கும் வெளியேறவில்லை என்று வைத்துக்கொண்டால், 27 டிகிரிக் காற்றை 33 பிஎஸ்ஐக்கு அழுக்கும்போது அது 147 டிகிரியை எட்ட வேண்டும். உண்மையில் உருளையும் குழாயும் அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்கின்றன. நான்கு டயரையும் இடைவிடாமல் நிரப்பாதீர்கள். இரண்டு முடிந்ததும் சற்று ஆறவிடுங்கள். கையேட்டில் உருப்படியாக இருக்கும் ஒரே எச்சரிக்கையும் இதுதான்.

இனி அளவீட்டுத் துல்லியம். காற்று பாய்ந்துகொண்டிருக்கும்போது குழாயில் உள்ள அழுத்தம் டயரில் உள்ளதைவிடக் கூடுதலாக இருக்கும். திரை காட்டுவது குழாயின் அழுத்தத்தை. அதனால் 33இல் நின்ற எண், சில நொடிகளில் 32.5க்கு இறங்கிவிடுகிறது. அரைப் புள்ளி கூட்டி அமைத்தால் சரியாகிவிடும். குழாயைத் திருகிக் கழற்றும்போது ‘புஸ்’ என்று போகும் காற்று கார் டயருக்கு ஒரு பொருட்டே அல்ல. அதே அளவு போனால் சைக்கிள் டயரில் எண் தெளிவாகக் குறையும். வால்டியூப் என்னும் சிறு ரப்பர்க் குழல் போட்ட பழைய சைக்கிள் வால்வில் இந்தத் திரையை நம்பவே கூடாது. ரப்பர்க் குழல் உள்காற்றை வெளியே விடாததால், பம்ப் தன் குழாயின் அழுத்தத்தைத்தான் டயரின் அழுத்தமாகக் காட்டுகிறது.

மலையில் இக்கருவி நடந்துகொள்ளும் விதம் எனக்குப் பிடித்திருந்தது. மணிமுத்தாறு வழியாக வனத்துறை அனுமதியுடன் மாஞ்சோலைக்கு ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. சுமார் 1,150 மீட்டர் உயரத்தில் அது 12.8 பிஎஸ்ஐ அளவில்தான் இருக்கும். கடையில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் வெடித்துவிடும்போல் உப்பிக்கொள்வது இதனால்தான். டயரின் எண்ணும் இரண்டு புள்ளி உயர வேண்டும் என்று தோன்றும். ஆனால் அடிவாரத்தில் 35 டிகிரியாக இருந்த டயர், மேலே சென்று ஆறியபின் 23 டிகிரிக்கு வந்துவிட்டால், குளிர்ச்சி ஏறக்குறைய அதே இரண்டு புள்ளிகளைக் குறைத்துவிடுகிறது. வெப்பமும் உயரமும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் திரை பழையபடி 33ஐயே காட்டும். டயரில் மாட்டாமல் இயக்கியபோது மேலேயும் பம்ப் சுழியத்தைக் காட்டியது. இருக்கும் இடத்தின் காற்றை ஒப்பிட்டே அளக்கிறது என்பதற்கு அது போதும்.

பங்கில் நைட்ரஜன் பிடித்திருக்கிறேனே, இதில் கலந்து அடிக்கலாமா என்று கேட்பவர்கள் தாராளமாக அடிக்கலாம். சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். வெயிலுக்கு அது விரியாது என்பது விற்பனைப் பேச்சு. ஈரப்பதம் இல்லாத காற்று என்ற அளவில்தான் அதற்குச் சிறு மேன்மை உண்டு.

கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பம்பைப் பரிந்துரைக்கிறேன். சைக்கிள் மட்டும் வைத்திருப்பவர்களுக்குக் கைப்பம்பே போதும். லித்தியம் பேட்டரி என்பதால், பூட்டிய காருக்குள் வெயிலில் விட்டுவைக்காதீர்கள். என் பம்பின் குழாய் ஒரு சாண் நீளமே இருப்பதால் வால்வு மேலே வரும்படி வண்டியை நகர்த்தி நிறுத்த வேண்டியிருக்கிறது. வாங்குவதற்கு முன் குழாயின் நீளத்தையும், அது தனியாகக் கிடைக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.