பிரஷர் கேனர் என்று போட்டு குக்கரை விற்கிறார்கள், பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

நாங்கள் இருப்பது டென்வரில். இந்த வருடம் கொல்லையில் பீன்ஸ் காய்த்துத் தள்ளியது, ஃப்ரீசரில் இடமில்லை, சரி, கண்ணாடி பாட்டிலில் அடைத்து வைக்கலாம் என்று ஆன்லைனில் ஒரு கடையில் 139 டாலருக்கு 'பிரஷர் கேனர்', அதாவது காயை அடைத்த பாட்டில்களை நீராவி அழுத்தத்தில் சூடாக்கிக் கெடாமல் மூடுகிற பெரிய பாத்திரம், வாங்கினேன். படத்தில் ஏழு லிட்டர் பாட்டில்கள் உள்ளே நின்றன. வந்தது வெறும் 8 லிட்டர் குக்கர். லிட்டர் பாட்டிலை வைத்தால் மூடியைப் பூட்டவே முடியவில்லை, அரை லிட்டர் பாட்டில் நான்குதான் பிடித்தது.

அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். காய் வாடுகிறதே என்று இரண்டு ஈடாக எட்டு பாட்டில் போட்டுவிட்டேன். ஆறும்போது ஒவ்வொரு மூடியும் 'டிக்'கென்று உள்வாங்கிய சத்தம் கேட்டு அவ்வளவு சந்தோஷம், அன்றைக்கே இரண்டு பாட்டிலைப் பக்கத்துத் தெரு அக்காவிடம் கொடுத்தேன். அவர் பல வருடமாக இப்படிப் பாட்டிலில் அடைக்கிற கேனிங் வேலை செய்கிறவர். கையில் வாங்கிக்கொண்டே, "எத்தனை பவுண்டு பிரஷர்ல வச்சே?" என்றார். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து வெயிட்டைத் திருப்பிப் பார்த்தேன், ஒரு எண்கூட இல்லை. மூடியில் அழுத்தத்தைக் காட்டுகிற கேஜும் இல்லை. கூட வந்த காகிதத்தில் 'கேனிங்குக்கு ஏற்றது' என்று ஒரே ஒரு வரி.

விற்றவர்களிடம் கேட்டதற்கு 80 கிலோபாஸ்கல் என்று பதில் வந்தது. கணக்குப் போட்டால் சதுர அங்குலத்துக்குப் பதினொன்றரை பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். டென்வர் 5280 அடி உயரத்தில் இருக்கிறது, உயரமான ஊரில் அழுத்தம் கூடுதலாக வேண்டும். இங்கே பீன்ஸுக்கு முள் கேஜ் உள்ள கேனரில் 13 பவுண்டு, வெயிட் வைக்கிற கேனரில் 15 பவுண்டு வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. அதாவது அவர்கள் சொன்ன எண்ணே போதாது.

இது ருசி கெடுகிற விஷயம் இல்லை. புளிப்பில்லாத காய், கறி, பருப்பு இதிலெல்லாம் பொட்டுலிசம் என்கிற, உயிரையே பறிக்கக்கூடிய உணவு விஷத்தை உண்டாக்கும் கிருமியின் வித்து கொதிநீருக்குச் சாகாது, 116 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், அது சரியான அழுத்தத்தில்தான் வரும். சாகாமல் தப்பிய வித்து காற்றில்லாத பாட்டிலுக்குள் முளைத்து விஷம் கக்கும், அதனால் நான் சந்தோஷப்பட்ட அந்த 'டிக்' சத்தத்துக்கு ஒரு அர்த்தமும் இல்லை. 2015-ல் ஒஹாயோவில் ஒரு சர்ச் விருந்தில், வெறும் கொதிநீரில் வைத்து அடைத்த உருளைக்கிழங்கில் செய்த சாலட்டைச் சாப்பிட்டு 29 பேர் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தே போனார். அதைப் படித்த ராத்திரி தூக்கம் வரவில்லை. அக்கா வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். விடிந்ததும் ஓடிப்போய்ப் பாட்டிலைத் திரும்ப வாங்கி வந்தேன்.

பணத்தைக் கேட்டதற்கு, "20 டாலர் தருகிறோம், பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். திருப்பி அனுப்புவதென்றால் வெளிநாட்டுக்கு, என் செலவில். கிரெடிட் கார்டு கம்பெனியில் புகார் கொடுத்து, அந்த விளம்பரப் படத்தையும் அவர்களுடைய பதிலையும் காட்டிய பிறகுதான் பணம் வந்தது, அதற்கு ஏழு வாரம். அதனால் விளம்பரத்தை முதலிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் குறைந்தது நான்கு லிட்டர் பாட்டில் நிற்குமா என்று பாருங்கள், அதற்குக் குறைந்ததை வேளாண் துறை கேனர் என்றே சொல்வதில்லை. சின்னப் பாத்திரம் சீக்கிரம் சூடேறி சீக்கிரம் ஆறிவிடும், கேனிங் புத்தகத்தில் போட்டிருக்கும் நேரம் அதற்குப் பொருந்தாது. கேஜோ, பவுண்டு எண் போட்ட வெயிட்டோ கட்டாயம் இருக்க வேண்டும். முள் கேஜ் என்றால் வருடம் ஒருமுறை சோதிக்க வேண்டும், பல ஊர்களில் கவுண்டி எக்ஸ்டென்ஷன் ஆபீஸிலேயே (விவசாயம், வீட்டுச் சமையலுக்கு ஆலோசனை சொல்லும் உள்ளூர் அலுவலகம்) செய்து தருகிறார்கள். பட்டனை அழுத்தினால் போதும் என்கிற எலக்ட்ரிக் குக்கரில் 'கேனிங்' என்று எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள்.

இப்படிப்பட்ட குக்கரில் போட்ட பாட்டில் ஏற்கெனவே உங்கள் அலமாரியில் இருந்தால், திறந்து முகர்ந்தோ ருசித்தோ பார்க்க வேண்டாம், அந்த விஷத்துக்கு வாடை இருக்க வேண்டும் என்று இல்லை. மூடியபடியே கனமான பையில் போட்டுக் கட்டி, பிள்ளைகள் கைக்கும் நாய் வாய்க்கும் எட்டாமல் குப்பையில் சேர்த்துவிடுங்கள். எட்டு பாட்டிலையும் நான் அப்படித்தான் போட்டேன்.