யார் என்று தெரியாத அண்டைவீட்டார்: விண்வெளி வியூக விளையாட்டுகளில் முதல் சந்திப்பு

விண்வெளி வியூக விளையாட்டுகளில் பேரரசு வளர்க்கும் முறை கடந்த முப்பது ஆண்டுகளில் அடிப்படையில் பெரிதாக மாறிவிடவில்லை. கோள்களைத் தேடிக் குடியேறுவதும், தொழிற்சாலை கட்டுவதும், ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவதும், கப்பற்படை திரட்டுவதும் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஆனால் வேற்றுக்கிரக இனம் ஒன்று முதன்முறையாக எதிர்ப்படும் கட்டத்தை எப்படி நடத்துவது என்பதில் மட்டும் வடிவமைப்பாளர்கள் ஆளுக்கொரு வழியில் போயிருக்கிறார்கள். சிலர் அதை ஒரே திரையில் முடித்துவிடுகிறார்கள். சிலர் அதற்கென்று தூதரை அனுப்பி மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்கிறார்கள். இன்னும் சிலர் முழு விளையாட்டையும் அந்த ஒரு கேள்வியின் மீதே கட்டியிருக்கிறார்கள். இவற்றை ஒப்பிட நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான்: எதிரே இருப்பது யார் என்று தெரியாத நிலையில் ஆடுபவர் செய்த காரியம், தெரிந்துகொண்ட பிறகும் அவர் கணக்கில் நிற்கிறதா? நிற்கவில்லை என்றால் அந்தத் தெரியாமை வெறும் தாமதம்தான்.

மிக எளிய வழியிலிருந்து தொடங்கலாம். 1993இல் சிம்டெக்ஸ் உருவாக்கி மைக்ரோபுரோஸ் வெளியிட்ட 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' பற்றிய முன்னோட்டக் கட்டுரையில்தான் ஆலன் எம்ரிச் இந்த வகை விளையாட்டுகளுக்கு 'நான்கு எக்ஸ்' (ஆங்கிலத்தில் எக்ஸ் ஒலியோடு தொடங்கும் தேடல், விரிவாக்கம், வளம் சுரண்டல், அழிப்பு என்ற நான்கு சொற்கள்) என்ற அடையாளத்தைச் சூட்டினார். அந்த விளையாட்டில் முதல் சந்திப்பு என்பது தூரக் கணக்கு. கப்பல்களின் எரிபொருள் எட்டும் தொலைவுக்குள் இன்னொரு இனத்தின் குடியேற்றம் வந்துவிட்டால் போதும், தொடர்பு ஏற்பட்டுவிட்டதாக அறிவிப்பு வந்துவிடும். பறவை இனமான அல்காரியும், பாறை உடல் கொண்ட சிலிகாய்டும், பூச்சி இனமான கிளாக்கானும் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் ஒரே மொழியில் ஒப்பந்தம் பேசுவார்கள். எதிரே இருக்கும் மன்னர் இரக்கமற்றவரா, நேர்மையானவரா, சமாதானப் பிரியரா என்பதும், அவருடைய நாட்டம் ஆராய்ச்சியிலா படை பெருக்குவதிலா என்பதும் ஒரு சொல்லில் எழுதிக் காட்டப்பட்டுவிடும்.

இதைக் குழந்தைத்தனம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம்; நான் ஒதுக்கமாட்டேன். ஒரு ஆட்டத்தில் அதிகபட்சம் ஆறு இனங்களே இருப்பதால், யாரை முதலில் சந்திக்கிறோம் என்பதே ஆட்டத்தின் போக்கைத் தீர்மானித்துவிடுகிறது. எரிபொருள் ஆராய்ச்சியை முன்னதாக முடித்தால் புதிய கோள்களோடு புதிய அண்டைவீட்டாரும் சேர்ந்து வருவார்கள் என்பதால், எப்போது சந்திப்பது என்பதும் ஓரளவு ஆடுபவர் கையில் இருக்கிறது. ஆனால் சந்தித்த நொடியிலேயே எல்லாம் தெரிந்துவிடுவதால், தெரியாமல் செய்த காரியம் என்று ஒன்று இருக்கவே வழியில்லை.

ஸ்டார்டாக் நிறுவனத்தின் 'கேலக்டிக் சிவிலைசேஷன்ஸ்' வரிசை இதற்கு ஒரு தடை போட்டது. பொது மொழிபெயர்ப்புக் கருவியை ஆராய்ந்து முடிக்கும்வரை அண்டை இனத்தின் கப்பலைப் பார்க்கலாம், பேச முடியாது. ஆனால் கருவி கைக்கு வந்ததும் எல்லா இனங்களோடும் ஒரே நேரத்தில் பேசலாம். நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடி போலத்தான்: கட்டணம் கட்டினால் வண்டி போகும், அதற்கு அப்பால் கேள்வி எதுவும் இல்லை. தடையின் இருபுறமும் ஆடுபவருடைய நடத்தைக்கு மதிப்பு இல்லாததால் இதன் மீது அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை.

இவ்விரண்டுக்கும் நேர் எதிரான வழியைப் பார்க்க, வியூக விளையாட்டின் எல்லையைச் சற்றுத் தாண்ட வேண்டும். டாய்ஸ் ஃபார் பாப் குழுவின் ஃபிரெட் ஃபோர்டும் மூன்றாம் பால் ரைக்கியும் 1992இல் கொண்டுவந்த 'ஸ்டார் கண்ட்ரோல் 2' பேரரசு வளர்க்கும் விளையாட்டு அல்ல. ஒற்றைக் கப்பலில் ஊர் சுற்றும் சாகச விளையாட்டு. இருந்தாலும், தவறான புரிதலை விளையாட்டாக மாற்றுவது எப்படி என்பதற்கு அதைவிட நல்ல பாடத்தை நான் பார்த்ததில்லை. விண்மீன்களுக்கு இடையே பயணிக்கும்போது ஆளில்லா ஆய்வுக்கலம் ஒன்று குறுக்கிடும். சமாதானத்துக்காக வந்திருப்பதாகப் பணிவோடு அறிவிக்கும். எந்தப் பதிலைத் தேர்ந்தெடுத்தாலும் சற்று நேரத்தில் உங்கள் கப்பலைத் தாதுப்பொருளாகக் கருதிப் பிரித்தெடுக்கத் தொடங்கிவிடும். அடுத்த விண்மீனுக்குப் போனால் அங்கேயும் ஒன்று. நாளாக ஆக எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகும். ஆடுபவர் இயல்பாகவே இதை வஞ்சகம் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

உண்மைக் காரணம் ஒரு வளிமக் கோளுக்குள் மிதந்து வாழும் ஸ்லைலாண்ட்ரோ இனத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் தெரியவரும். கோளைவிட்டு வெளியே வரவே முடியாத அவர்கள், பிறரோடு நட்புக்கொள்ள ஆசைப்பட்டு அந்தக் கலத்தை வணிகர்களிடமிருந்து வாங்கியவர்கள். நிறையப் பேரை விரைவாகச் சந்திக்க வேண்டும் என்ற ஆர்வத்தில், தன்னைத்தானே நகலெடுக்கும் வேலைக்கு முதலிடம் கொடுத்து அமைத்துவிட்டார்கள். நகலெடுக்க மூலப்பொருள் வேண்டும். எதிரே வரும் கப்பல்தான் மூலப்பொருள். பேசிப் புரியவைத்தால் கலத்தைத் தானே வெடிக்கச் செய்யும் குறியீட்டைத் தருவார்கள். அதற்குப் பிறகு எதிர்ப்படும் ஒவ்வொரு கலத்தின் மீதும் அதைப் பயன்படுத்தலாம். அதாவது பகைக்கு ஒரு காரணம் இருந்தது, காரணத்தைத் தேடிப் போக வழி இருந்தது, தேடியதற்குக் கைமேல் பலனும் கிடைத்தது. குறை என்னவென்றால் இவை எல்லாமே முன்கூட்டி எழுதப்பட்ட உரையாடல்கள். இரண்டாம் முறை ஆடுபவருக்கு இதில் தெரியாதது எதுவும் மிஞ்சாது. ஒவ்வொரு ஆட்டத்திலும் இனங்களையே புதிதாக உருவாக்கும் வியூக விளையாட்டு இதை அப்படியே கடன்வாங்க முடியாது.

அந்த இடைவெளியை நிரப்ப முயன்றதுதான் பாரடாக்ஸ் நிறுவனத்தின் 'ஸ்டெல்லாரிஸ்'. 2016இல் வெளிவந்தபோதே அதில் ஒரு நல்ல யோசனை இருந்தது. அறிமுகமில்லாத கப்பல் தென்பட்டால் அதற்கு ஆல்ஃபா, பீட்டா என்று தற்காலிகப் பெயர் இட்டுவிடுவார்கள். அது விண்வெளியில் மேய்ந்து திரியும் அமீபாவா, படிகத்தாலான உயிரா, ஒரு பேரரசின் ஆய்வுக்கப்பலா என்பது ஆராய்ந்த பிறகே தெரியும். 2021 ஏப்ரலில் வந்த 3.0 பதிப்பு இதை விரிவாக்கியது. இப்போது ஒவ்வொரு அறிமுகத்துக்கும் ஒரு தூதரை ஒதுக்க வேண்டும்; வேலை பல கட்டங்களாக நகரும்; இடையிடையே முடிவெடுக்கும் நிகழ்வுகள் வரும். முன்முயற்சி, எச்சரிக்கை, ஆக்கிரமிப்பு என்ற மூன்று நெறிமுறைகளில் ஒன்றை அரசின் கொள்கையாக முன்கூட்டியே வகுத்துக்கொள்ளலாம். ஆக்கிரமிப்பைத் தேர்ந்தெடுத்தவர், எதிர்த்தரப்பு யார் என்றே தெரியாமல் அதன் கப்பலைச் சுடலாம். தொடர்பு ஏற்பட்ட பிறகும் அரசியல், பொருளாதாரம், தொழில்நுட்பம், படைபலம் என்று ஒவ்வொன்றைப் பற்றியும் தனித்தனியாகத்தான் தகவல் திரட்ட வேண்டும்.

காகிதத்தில் பார்த்தால் இது நான் கேட்பதற்கு மிக அருகில் வருகிறது. ஆட்டத்தில் பார்த்தால் இரண்டு ஓட்டைகள் தெரிகின்றன. முதலாவது, நிகழ்வுகளில் எந்தப் பதிலைத் தேர்ந்தெடுத்தாலும் பெரும்பாலும் முடிவு ஒன்றுதான்: சற்று முன்னதாகவோ பின்னதாகவோ முன்னேற்றம் காட்டும் பட்டை நிரம்பும், எதிர்த்தரப்பின் படமும் பெயரும் எல்லைகளும் திரையில் விரியும். தொடர்புமுயற்சியே உறவைக் கெடுத்துப் போரில் முடிந்தது என்று சொல்லத்தக்க ஆட்டம் அரிது. இரண்டாவது ஓட்டை சுவாரசியமானது. தொடர்பு ஏற்படாதவரை இரு பேரரசுகளும் ஒன்றுக்கொன்று எல்லையை மூட முடியாது. ஏற்பட்ட பிறகே கதவடைக்கலாம். எனவே தேர்ந்த ஆட்டக்காரர்கள் வேண்டுமென்றே தூதரை அனுப்பாமல், அண்டைவீட்டாரின் முற்றத்தில் ஆய்வுக்கப்பலை உலாவவிட்டு வரைபடத்தை நிரப்பிக்கொள்கிறார்கள். தெரியாமையே லாபமாகிவிடுகிறது. அத்துமீறி நுழைந்த அந்தக் கப்பலை எதிர்த்தரப்பு பார்த்துக்கொண்டுதான் இருந்தது என்பதற்குப் பின்னாளில் விலை எதுவும் இல்லை.

அந்த விலையை வசூலிக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. அதன் தோற்றத்தைப் பார்த்தே பலர் ஓடிவிடுவார்கள். ஸ்டீவ் வாம்ஸ்லி தனியொருவராக உருவாக்கி இலவசமாக வழங்கும் 'அரோரா'வில் அழகிய படங்களோ பின்னணி இசையோ கிடையாது. அட்டவணைகளும் எண்களும் மட்டுமே. 2020 ஏப்ரலில் வெளிவந்த அதன் சி ஷார்ப் (ஒரு நிரல்மொழி) பதிப்பில் முதல் சந்திப்பு என்பது உணர்கருவியில் தோன்றும் ஒரு வெப்ப அடையாளம். அது எத்தனை பெரிய கப்பல், ஆயுதம் உண்டா, எங்கிருந்து வருகிறது என்பது தெரியாது. அளவை அறிய வேண்டுமானால் அலை அனுப்பித் தேடும் உணர்கருவியை இயக்க வேண்டும். இயக்கினால் அந்த அலையைப் பிடித்து எதிர்த்தரப்பு உங்கள் இருப்பை அறிந்துவிடலாம். அவர்களோடு பேச்சுத்தொடர்பு ஏற்படுத்தும் முயற்சி நீண்ட காலம் பிடிக்கலாம். இதற்கிடையே அவர்கள் தமதென்று கருதும் விண்மீன் மண்டலத்தில் உங்கள் கப்பல்கள் சுற்றிக்கொண்டிருந்தால், முதல் வார்த்தை பேசுவதற்கு முன்பே உறவின் மதிப்பீடு சரியத் தொடங்கிவிடும்.

என் அளவுகோலில் இதுவே முதலிடம் பெறுகிறது. ஆனால் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும்: எதிர்த்தரப்புக்கு அரோராவில் முகம் இல்லை. ஸ்லைலாண்ட்ரோவிடம் ஏற்படும் பரிவு இங்கே ஏற்பட வழியில்லை. அஞ்சுவதற்கு ஓர் எண் இருக்கிறது, நேசிப்பதற்கு எதுவும் இல்லை.

பவோனிஸ் இன்டராக்டிவ் 2022 செப்டம்பரில் முன்வெளியீடாகக் கொண்டுவந்த 'டெர்ரா இன்விக்டா' வேறொரு கேள்வியை எழுப்புகிறது. சந்திக்கப்போவது மனித இனம் என்றால், மனித இனத்தின் சார்பில் பேசுவது யார்? அதில் ஏழு அமைப்புகள் பூமியில் போட்டியிடுகின்றன. ஒன்று வந்திருக்கும் வேற்றுக்கிரகத்தாரை அழிக்க நினைக்கிறது, ஒன்று வணங்குகிறது, ஒன்று சமமாக அமர்ந்து பேச விரும்புகிறது, ஒன்று சூரிய மண்டலத்தையே விட்டு ஓடப் பார்க்கிறது. மற்ற விளையாட்டுகள் பேரரசு முழுவதும் ஒரே மனதோடு தூதரை அனுப்புவதாகக் கருதிக்கொள்ளும் இடத்தில் இது தரும் திருத்தம் மதிப்புள்ளது. ஆயினும் முழு விளையாட்டும் ஒரே ஒரு சந்திப்பைச் சுற்றி நடப்பதால், பல இனங்கள் நிறைந்த விண்மீன் திரளுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது.

இந்த விளையாட்டுகளில் பெரும்பாலானவை கவனிக்காமல் விட்ட ஒன்றை நம் உலகத்து வானியலாளர்கள் நீண்டகாலமாக விவாதித்து வருகிறார்கள். தொடர்பு என்றால் அறிந்துகொள்வது மட்டுமல்ல, அறியக்கொடுப்பதும்தான். 1974 நவம்பர் 16 அன்று புவெர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்த அரெசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து எம்13 விண்மீன் கொத்தை நோக்கி அனுப்பிய 1,679 பிட் செய்தியில் எண்கள், டிஎன்ஏவின் அமைப்பு, மனித உருவம், சூரிய மண்டலத்தில் நம் இடம் ஆகியவை இருந்தன. 1977இல் வாயேஜர் கலங்களில் வைத்த பொன்தட்டில் பல்சார்களை (சீராகத் துடிக்கும் விண்மீன்களை) அடையாளமாகக் கொண்டு நம் முகவரியையே வரைந்துவிட்டார்கள். கூடவே 55 மொழிகளில் வாழ்த்து. (அவற்றுள் தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு, சுமேரியம்கூட உண்டு; தமிழ் இல்லை.) 1989இல் சர்வதேச விண்வெளியியல் கழகம் ஏற்றுக்கொண்ட பிரகடனமோ, சமிக்ஞை கிடைத்தாலும் உலக நாடுகள் கலந்தாலோசிக்கும்வரை பதில் அனுப்பக்கூடாது என்கிறது. எதைச் சொல்வது, எதை மறைப்பது, பதில் சொல்லத்தான் வேண்டுமா என்ற இந்த மூன்று முடிவுகளும் வியூக விளையாட்டுக்கு அல்வா போன்றவை. ஆனால் ஸ்டெல்லாரிஸில்கூட இரு தரப்பும் ஒரே நொடியில் ஒருவருக்கொருவர் வெளிப்பட்டுவிடுகின்றன. 2023இல் வந்த விரிவாக்கம் கப்பல்களை மறைக்கும் வசதியைக் கொடுத்ததே தவிர, தாய்க்கோள் இருக்கும் இடத்தைச் சொல்லாமல் பேசும் வழியைக் கொடுக்கவில்லை.

எனவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், ஸ்டெல்லாரிஸின் கட்டமைப்பை வைத்துக்கொண்டு அதற்குள் அரோராவின் விதிகளை நுழைப்பேன். தூதரும் கட்டங்களும் நிகழ்வுகளும் இருக்கட்டும். ஆனால் தொடர்புக்கு முன் யாருடைய கப்பல் எங்கே நுழைந்தது, யார் முதலில் சுட்டார்கள், யார் பின்வாங்கினார்கள் என்பதை எதிர்த்தரப்பு தன் இயல்புக்கேற்பப் பொருள்கொள்ள வேண்டும். எல்லைப் பற்று மிகுந்த இனத்துக்கு ஆய்வுக்கப்பல் படையெடுப்பாகத் தெரியலாம். கூட்டுமனம் கொண்ட இனத்துக்கு ஒரு கப்பல் அழிவது பொருட்டாகவே இருக்காது. முடிவில் பேச்சு தோற்றுப்போகவும் இடம் வேண்டும், தோல்விக்குக் காரணம் இருக்க வேண்டும், ஸ்லைலாண்ட்ரோ கதையைப் போல அந்தக் காரணத்தைப் பிறகு தேடிக் கண்டுபிடிக்க முடிய வேண்டும். நாலைந்து நண்பர்கள் ஒரே மாலையில் ஆடி முடிக்கும் ஆட்டமாக இருந்தால் மட்டும் மாஸ்டர் ஆஃப் ஓரியனின் பழைய வழியே போதும். மனித எதிராளிகளின் உள்நோக்கத்தைக் கணிப்பதே அங்கே தெரியாமைக்குக் குறைவில்லாமல் பார்த்துக்கொள்ளும்.

ஒரு நியாயமான எதிர்ப்பு உண்டு. இருபது பேரரசுகள் நிறைந்த வரைபடத்தில் ஒவ்வொன்றோடும் இத்தனை நுணுக்கமாக அறிமுகமானால் ஆட்டம் நகராது. ஸ்டெல்லாரிஸில் ஏழாவது எட்டாவது சந்திப்பின்போது நிகழ்வின் வாசகத்தைப் படிக்காமலே பொத்தானை அழுத்திவிடுகிறோம். இதற்கு விடை 1999இல் ஃபிராக்ஸிஸ் கொண்டுவந்த 'ஆல்ஃபா சென்டாரி'யிலேயே இருக்கிறது. அதில் ஒரு தலைவரோடு பேசுவதற்கான அலைவரிசையை இன்னொரு தலைவரிடம் பண்டமாற்றாகப் பெறலாம். முதல் இரண்டு மூன்று இனங்களை மட்டும் நேரடியாகச் சந்தித்துவிட்டு, மற்றவர்களின் அறிமுகத்தை அவர்கள் வழியாக வாங்கிக்கொள்ள இந்த ஏற்பாடு இடம் தரும். அறிமுகத்தோடு சேர்த்து அந்த இனத்தைப் பற்றிய தகவல்களையும் இடைத்தரகரே தரட்டும். பழைய எல்லைத் தகராறு ஒன்றில் அவர்களிடம் தோற்றவர் அவர் என்றால், கைக்கு வரும் கோப்பில் அவர்களுடைய படைபலம் இரண்டு மடங்காக எழுதப்பட்டிருக்கட்டும்.