அரங்கேற்றக் காணொளிக்குத் தனி ஒலி: எஃப்எஃப்எம்பெக், எம்கேவிடூல்நிக்ஸ், ரிசால்வ்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அரங்கேற்றத்தை எடுக்கும்போது கேமரா பின்வரிசையில் நிற்கும். நட்டுவாங்கமும் மிருதங்கமும் மிக்சரிலிருந்து ரெக்கார்டரில் தனியே பதிவாகும். இரண்டையும் ஒரே கோப்பாக்க இலவசக் கருவிகள் மூன்று இருக்கின்றன. படத்தில் கைவைக்க வேண்டுமா, வேண்டாமா என்று முதலில் முடிவு செய்துவிட்டால் எது உங்களுக்கு என்பது விளங்கிவிடும்.

வெட்டோ நிறத் திருத்தமோ தேவையில்லை என்றால், கட்டளை அடித்து இயக்கும் எஃப்எஃப்எம்பெக்தான் எங்கள் முதல் தேர்வு. படத்தை ‘காப்பி’ என்று விட்டு, ஒலியை மட்டும் 192 கிலோபிட் ஏஏசியாக (சுருக்கிய ஒலி வடிவம்) மாற்றினால் இரண்டு மணி நேர நிகழ்ச்சியும் சில நிமிடங்களில் முடியும். படத்தின் தரம் துளியும் குறையாது. ‘மேப்’ கட்டளையை மட்டும் மறக்காதீர்கள். முதல் கோப்பின் படம், இரண்டாவது கோப்பின் ஒலி என்று சொல்லாவிட்டால், இரண்டு ஒலிகளும் ஸ்டீரியோவாக இருக்கும்போது அது கேமராவின் ஒலியையே எடுத்துக்கொள்ளும். இருமலும் நாற்காலிச் சத்தமும் அப்படியே இருக்கும். ரெக்கார்டர் முன்பே ஓடத் தொடங்கியிருந்தால் ஒலிக்கோப்பின் முன்னால் ‘எஸ்எஸ்’ போட்டு அதன் தலைப்பகுதியை விட்டுவிடுங்கள். பிந்தித் தொடங்கியிருந்தால் அதே இடத்தில், ஒலியைத் தாமதப்படுத்தும் ‘ஐடிஎஸ்ஆஃப்செட்’. குறுகிய கோப்பு முடியும் இடத்திலேயே நிறுத்திவிடும் ‘ஷார்ட்டஸ்ட்’ போடும் முன் யோசியுங்கள்: ரெக்கார்டரை முதலில் அணைத்திருந்தால் மங்களத்தின் கடைசிப் படமும் சேர்ந்து போய்விடும்.

கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கத் தயங்குபவர்களுக்கு எம்கேவிடூல்நிக்ஸ். இரண்டு கோப்புகளையும் இழுத்துப் போட்டு, கேமரா ஒலியின் டிக்கை எடுத்துவிட்டு, தாமதத்தை மில்லி விநாடியில் எழுதினால் போதும். எதையும் மறுபடி சுருக்காது. ஆனால் வெளிவருவது எம்கேவி மட்டுமே. வாட்ஸ்அப்பில் பாட்டிக்கு அனுப்ப எம்பி4 வேண்டும்.

படத்தொகுப்பு மென்பொருளான டாவின்சி ரிசால்வ் படத்தை மறுபடி என்கோட் செய்யும், நேரமும் அதிகம். ஆனால் இரண்டு கேமராக்கள், அல்லது 4 ஜிபிக்கு ஒருமுறை உடைந்த கோப்புகள் என்றால் வேறு வழி தேட வேண்டாம். மீடியா பூலில் எல்லாவற்றையும் தேர்ந்து, அலைவடிவத்தை வைத்து ஒலியைத் தானாகப் பொருத்தச் சொன்னால் சேர்த்துவிடும். கைப்பேசியில் எடுத்த படம் இருந்தால் அதன் ஃபிரேம் வேகம் நிலையாக இருக்காது. முதலில் ஹேண்ட்பிரேக் என்ற காணொளி மாற்றியில் நிலையான வேகத்துக்கு மாற்றுங்கள்.

தானாகப் பொருத்தியதை அப்படியே நம்பவும் கூடாது. கேமரா மைக் கேட்பது தாமதமான ஒலி. ஸ்பீக்கரிலிருந்து 17 மீட்டர் தள்ளி இருந்தால் சுமார் 50 மில்லி விநாடி பிந்தும்; மிக்சர் ஒலியும் அதோடு ஒட்டிப் பிந்திவிடும். 25 ஃபிரேம் வேகத்தில் ஒரு ஃபிரேம் 40 மில்லி விநாடி. ஒலியை ஒரு ஃபிரேம் முன்னே நகர்த்துங்கள், தட்டடவில் கால் விழுவதும் தட்டுக்கழி விழுவதும் ஒன்றாகும். பத்துமலைப் படிக்கட்டில் நின்று 35 மீட்டர் தள்ளியுள்ள உறுமி மேளத்தை எடுத்தால் இதுவே 100 மில்லி விநாடி.

இன்னொரு தொல்லை, தொடக்கத்தில் சரியாக இருந்து வர்ணத்துக்குப் பிறகு விலகிப்போவது. இரு கருவிகளின் கடிகாரங்களும் மிகச் சிறிதே வேறுபடும். பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபட்டாலே இரண்டு மணி நேரத்தில் 0.36 விநாடி. ஒலி பிந்தினால் எஃப்எஃப்எம்பெக்கில் ஒலியின் வேகத்தை மாற்றும் ‘ஏடெம்போ’வை 1.00005 என்று வையுங்கள்; முந்தினால் 0.99995. ரிசால்வில் இருப்பவர்கள் உருப்படிகளுக்கு இடையே கைதட்டல் வருமிடத்தில் ஒலியை வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே பொருத்தலாம். அங்கே வெட்டு யார் காதுக்கும் எட்டாது.