ஒப்புதல் குழுவா, வரம்புக்குள் சுதந்திரமா?

ஒரு நிறுவனத்தில் மென்பொருள் மாற்றங்களை யார் முடிவு செய்வது? ஒரு வழி, எல்லாக் கோரிக்கைகளும் மையக் குழுவுக்கு வருவது. இன்னொரு வழி, பாதுகாப்பு, தரவு வடிவம், செலவு வரம்பு என்று சில விதிகளை மட்டும் மையம் வகுத்துவிட்டு, மீதியை அந்தந்த அணியிடம் விடுவது.

முதல் வழியில் தணிக்கை சுலபம். யார் கையெழுத்துப் போட்டார் என்று தெரியும். ஆனால் குழு வாரம் ஒருமுறைதான் கூடும் என்றால், சின்னத் திருத்தமும் காத்துக்கிடக்கும். அதனால் அணிகள் பல மாற்றங்களை மூட்டையாகக் கட்டி அனுப்பும். மூட்டை பெருத்தால் பிழையும் பெருகும். பிழை வந்ததும் குழு இன்னொரு படிவத்தைச் சேர்க்கும், காத்திருப்பு இன்னும் நீளும். படிவத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இந்த வளையம் படவே படாது. கட்டுப்பாட்டு அமைப்புகளை ஆராய்ந்த ராஸ் ஆஷ்பி 1956இல் விளக்கிய விதி இதுதான்: குலைவுகள் எத்தனை வகையோ, அதற்கு ஈடான பதில்வகைகள் கட்டுப்படுத்துபவரிடமும் வேண்டும். ஏழெட்டுப் பேர் கொண்ட குழுவிடம் அது எங்கே இருக்கப்போகிறது?

சரி, இரண்டாவது வழி இலவசமா? இல்லை. ஒரே வேலைக்கு மூன்று கருவிகள் முளைக்கும். கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968இலேயே சுட்டிக்காட்டியதுபோல, பேசிக்கொள்ளாத அணிகள் கட்டும் மென்பொருள்களும் ஒன்றோடொன்று பேசாது. மேலாண்மை அறிஞர் ஸ்டாஃபோர்ட் பீர், ஒரு நிறுவனம் எப்படி இயங்க வேண்டும் என்று காட்டும் தன் மாதிரியில், அணிகளுக்கிடையேயான ஒருங்கிணைப்பைத் தனி வேலையாகவே வைத்தார். பலர் விட்டுவிடுவது அதைத்தான்.

என்னைக் கேட்டால், சம்பளக் கணக்கும் அடையாளச் சரிபார்ப்பும் மையத்திடம் இருக்கட்டும். வாடிக்கையாளர் பார்க்கும் திரையை அணியிடம் கொடுத்துவிடலாம்.